குறையுள்ள கதாநாயகிக்கு இரண்டாம் பாகம்: பிரிட்ஜெட் ஜோன்ஸ் எங்கே ஜெயிக்கிறாள், எங்கே சறுக்குகிறாள்?

கதைக்கயிறு

லண்டன் பெண் பிரிட்ஜெட் ஜோன்ஸின் காதல் கலாட்டாக்களைச் சொல்லும் நாலு ஆங்கிலப் படங்களின் முடிவுகளும் இந்த இழையில் வெளிப்படையாக வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

காதல் நகைச்சுவைக்கு இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே முட்டுக்கட்டை. போன படம் இருவரையும் சேர்த்து வைத்துவிட்டது. மறுபடி பிரித்தால் 'அப்போ அன்றைக்குச் சொன்னதெல்லாம் பொய்யா?' என்று ரசிகர் கேட்பார். பிரிக்காவிட்டால் கதையே இல்லை. கதாநாயகி குறைகளோடு இருப்பவள் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. 2001-ல் வந்த முதல் படத்தின் முதுகெலும்பே, வழக்கறிஞன் மார்க் டார்சி பிரிட்ஜெட்டிடம் 'நீ இருக்கிறபடியே எனக்குப் பிடித்திருக்கிறது' என்று சொல்வதுதான். அடுத்த படத்தில் அவள் திருந்திவிட்டால் அந்த வசனம் வீண். திருந்தாமலே இருந்தால் அதே ஜோக் திரும்ப வரும்.

இருந்தும் 2001, 2004, 2016, 2025 என்று நாலு படம் வந்துவிட்டது. நாலிலும் ரெனே ஜெல்வெகர்தான். கூட்டம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

என் பதில் இது. அவள் குறை அவளுக்கு என்ன விலை வைக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறோம். 32 வயதில் அந்த விலை ஒரு கெட்டுப்போன விருந்து. 43-ல் ஒரு குழந்தைக்கு அப்பா யார் என்ற கேள்வி. ஐம்பதைத் தாண்டினால் இரண்டு பிள்ளைகளின் துக்கம். குறை அவள் எடுக்கும் முடிவிலிருந்து வந்தால் படம் நிற்கிறது. வெறுமனே வழுக்கி விழுந்தால் படமும் கூடவே விழுகிறது. 2004 படம் விழுந்தது அப்படித்தான்.

முதல் படத்தின் நீல சூப் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் விருந்துக்குத் தகுதிக்கு மீறிய சமையல் பட்டியல் போடுகிறாள். லீக் என்ற வெங்காயத்தாள் வகைத் தண்டுகளைக் கட்ட நீலக் கயிறு. கயிற்றின் சாயம் இறங்கி சூப் நீலமாகிறது. இது தற்செயல் இல்லை, அவள் அளவுக்கு மீறி ஆசைப்பட்டதன் நேரடி விளைவு. மார்க் சீக்கிரமே வந்து முட்டையை உடைத்து ஆம்லெட் போட உதவுகிறான், காதல் அங்கே ஒரு படி நகர்கிறது. அதாவது ஒரே காட்சியில் குறை, விளைவு, உறவு மாற்றம் மூன்றும் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தின் ஒவ்வொரு நகைச்சுவைக் காட்சியையும் நான் இந்த மூன்றையும் வைத்துத்தான் அளப்பேன்.

---

மூன்றாம்வரிசை

விருந்து காட்சி சரி, ஆனா அந்த முதல் படத்துல நீங்க சொல்லாத இன்னொன்னு இருக்கு. டைரி.

டைரிங்கிறது வெறும் பின்னணிக் குரல் இல்ல. அவ எழுதுற தீர்மானத்துக்கும் திரையில நாம பாக்குறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, சிரிப்பு முழுக்க அங்கதான். 'இனி இப்படிப்பட்ட ஆம்பளைங்க பக்கமே போக மாட்டேன்'னு பட்டியல் போடுவா, அடுத்த ஷாட்லயே அவளோட ஆபீஸ் பாஸ், பொண்ணுங்க பின்னாடி சுத்துற டேனியல் கிளீவர் வந்து நிப்பான். குரல் சொல்றதையே படமும் காட்டிச்சுன்னா அந்த வரியை வெட்டிடலாம். குரலும் படமும் முரண்பட்டா மட்டும் வெச்சுக்கணும்.

இன்னொரு வேலையும் அந்த டைரி செய்யுது. கிளைமாக்ஸ்ல மார்க் அதைப் படிச்சிடுறான். அவனைப் பத்தி அவ எழுதின கடுமையான வரிகள் எல்லாம் அதுல இருக்கு. அவன் வெளிய போயிடுறான்னு நினைச்சு இவ உள்ளாடையோட பனியில ஓடுறா. ஒன்றரை மணி நேரம் சிரிப்புக் கருவியா இருந்த ஒரு பொருள், கடைசியில அவளுக்கே எதிரா திரும்புது. அவன் போனது புது டைரி வாங்க. ஒரே பொருளை இப்படி மூணு விதமா பயன்படுத்துறது திரைக்கதையில ரொம்ப அபூர்வம். 2004 படத்துல டைரி இருக்கு, ஆனா அதனால யாருக்கும் எதுவும் நடக்கல. வெறும் வர்ணனையா ஆயிடுச்சு.

---

எடிட்மேசை

2004 படத்தைப் பற்றி (இயக்கம் பீபன் கிட்ரான், மூல நாவல் 1999) கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எழுதுபவர்களுக்கு முதல் படத்தைவிட அதிகமாகக் கற்றுக்கொடுப்பது அதுதான்.

கதை முதல் படம் முடிந்த சில வாரங்களிலேயே தொடங்குகிறது. முதல் தவறு இதுதான். சில வாரத்தில் எந்த மனிதரும் மாறுவதில்லை. அதனால் குறைக்கும் புதிய விலை கிடையாது. பழைய விலையையே உரக்கக் கூவி விற்க வேண்டியதாகிறது. தொலைக்காட்சிக்காக விமானத்திலிருந்து குதித்துப் பன்றித் தொழுவத்துச் சேற்றில் விழுகிறாள். முதல் படத்தில் தீயணைப்பு நிலையக் கம்பத்தில் சறுக்கி வந்து கேமரா மேலேயே விழுந்ததன் பெரிய பதிப்பு. சிரிப்பு வருகிறது, ஆனால் யாருடனும் அவள் உறவு மாறவில்லை.

இரண்டாவது தவறு ரெபெக்கா. மார்க்கின் அலுவலகத்து அழகியைப் பிரிட்ஜெட் சந்தேகப்படுகிறாள். பாதிப் படம் இந்தச் சந்தேகத்தில்தான் ஓடுகிறது. கடைசியில் ரெபெக்காவின் விருப்பம் பிரிட்ஜெட் மேல்தான் என்று தெரிகிறது. நல்ல திருப்பம்போல் தோன்றும், ஆனால் இது எழுத்தாளர் தப்பிக்கும் வழி. பொறாமைதான் அவள் குறை என்றால், அந்தப் பொறாமை அழித்ததை அவளே நின்று கட்ட வேண்டும். இங்கே மூன்றாம் ஆள் வந்து ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறாள்.

மூன்றாவது தாய்லாந்துச் சிறை. தோழிக்கு ஒருவன் கொடுத்த கிண்ணத்தில் போதைப்பொருள். அது பிரிட்ஜெட்டின் பையில் இருக்கிறது, விமான நிலையத்தில் பிடிபடுகிறாள். இதில் அவள் குறை எங்கே? அவள் நிரபராதி. குறையுள்ள நாயகியைத் தன் குறைக்குச் சம்பந்தமே இல்லாத ஆபத்தில் தள்ளினால் அவள் பாவப்பட்டவள் ஆகிவிடுவாள், நகைச்சுவை செத்துவிடும். கூடவே இன்னொரு சங்கடம். சக கைதிகளின் நிஜமான துன்பம், அவளுடைய காதல் கவலை எவ்வளவு சின்னது என்று காட்டுவதற்கான பின்னணியாகிவிடுகிறது. அந்தப் பெண்களுக்குச் செய்த அநியாயம் அது.

ஆனால் அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு அருமையான காட்சி புதைந்து கிடக்கிறது. ஆஸ்திரியாவின் லெஹ் பனிச்சறுக்கு விடுதி. கர்ப்பமாக இருக்கலாம் என்று சோதனைப் பெட்டி வாங்கி வருகிறாள். முடிவு தெரிவதற்குள் இருவருக்கும் சண்டை: பிறக்காத பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? மார்க் குடும்ப வழக்கப்படி ஈட்டன் என்ற மேட்டுக்குடி விடுதிப் பள்ளி. இவளுக்கு அது ஆகவே ஆகாது. சோதனையில் கர்ப்பம் இல்லை என்று வருகிறது, ஆனால் விரிசல் விழுந்தாயிற்று. யாரும் வழுக்கி விழவில்லை, வில்லி இல்லை. இருவரும் வளர்ந்த வீடுகளே மோதுகின்றன. இரண்டாம் பாகத்தின் முழுப் படமும் இதிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும். எழுதியவர்கள் இதைச் சில நிமிடங்களில் தாண்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள்.

---

நிழல்நிலா

எடிட்மேசை சார், ஒரு எதிர்வாதம். திரும்பச் செய்வதையே ரசிகர் விரும்புகிறார் என்றால்? 2004 படம் உலக அளவில் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, முதல் படத்துக்குப் பக்கத்திலேயே. மார்க்கும் டேனியலும் முதல் படத்தில் தெருவில் உருண்டு சண்டை போட்டார்கள், இரண்டாவதில் பூங்கா நீரூற்றுக்குள் இறங்கி. அடிக்கத் தெரியாத இரண்டு கனவான்கள் அடித்துக்கொள்வதை மறுபடி பார்க்கத்தான் ஆட்கள் போனார்கள். பழகிய முகத்தைப் பார்க்கும் சந்தோஷத்தைத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

---

எடிட்மேசை

அந்தச் சந்தோஷத்தை நானும் மறுக்கவில்லை. முதல் வாரக் கூட்டம் முந்தைய படத்தின் கடனில் வருகிறது. அமெரிக்க வசூலை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 2001-ல் சுமார் 7.1 கோடி டாலர், 2004-ல் 4 கோடி, 2016-ல் 2.4 கோடி. மூன்றாவது படம் இரண்டாவதைவிடப் பல மடங்கு நேர்த்தியானது, ஆனாலும் அந்த ஊரில் கூட்டம் குறைந்தது. 12 வருட இடைவெளியும் ஒரு காரணம்தான். இருந்தாலும் இரண்டாவதில் ஏமாந்தவர் மூன்றாவதுக்கு யோசித்துத்தான் டிக்கெட் எடுப்பார். பிரிட்டனிலும் மற்ற ஊர்களிலும் அவள் வீட்டுப் பெண் மாதிரி, அங்கே தாங்கியது.

நீரூற்றுச் சண்டை சிரிப்பைத் தருகிறது, சரி. முதல் சண்டையில் மார்க் முதல் குத்து விடும்போதுதான் அவனுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பதே நமக்குத் தெரிகிறது. இரண்டாவது சண்டையில் அப்படிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. பழைய காட்சியைத் திரும்ப வைப்பதென்றால் உள்ளே ஒரு புதுச் செய்தியாவது இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

---

பக்கம்நூறு

2016 படத்தை யாரும் இன்னும் தொடவில்லை. எனக்கு நாலில் மிகக் கச்சிதமான திரைக்கதை அதுதான். முதல் படத்தை இயக்கிய ஷாரன் மக்வாயர் மறுபடி இயக்க வந்தார். எம்மா தாம்சன் திரைக்கதையில் கைவைத்ததோடு மருத்துவராகவும் நடித்தார். அதன் காரண காரியச் சங்கிலியை அவிழ்த்துக் காட்டுகிறேன், எழுதுபவர்கள் அப்படியே நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

அவளுக்கு 43. சிகரெட்டை விட்டாயிற்று. ஆசைப்பட்ட எடைக்கு வந்தாயிற்று. நல்ல வேலை. அதாவது முதல் படத்தின் தீர்மானப் பட்டியல் நிறைவேறிவிட்டது, ஆனாலும் பிறந்தநாளன்று தனியாக இருக்கிறாள். முதல் படத்தில் அவள் சோபாவில் உட்கார்ந்து உருகிப் பாடிய அதே சோகப் பாட்டோடு படம் தொடங்குகிறது. அவளே அதை நிறுத்திவிட்டுக் குத்துப் பாட்டைப் போடுகிறாள். 'இவள் மாறியிருக்கிறாள், ஆனால் அவளேதான்' என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லியாயிற்று.

அடுத்தது முக்கியம். அவள் கைப்பையில் காலாவதியான ஆணுறைகள். டால்ஃபின்களுக்குத் தீங்கு வராத, சுற்றுச்சூழலுக்கு ஏற்ற சரக்கு, ஆகவே சீக்கிரம் மட்கிவிடும். நல்லது செய்கிறேன் என்று வாங்கி, தேதி பார்க்காமல் விட்டது முழுக்க அவள் குணம். இசை விழாவில் புதிதாகச் சந்தித்த ஜாக்கோடு ஓர் இரவு, சில நாள் கழித்து ஒரு ஞானஸ்நான விழாவில் பழைய காதலன் மார்க்கோடு ஓர் இரவு, கர்ப்பம், அப்பா யார்? இங்கே எழுத்தாளருக்கு ஒரு ஓட்டை வரும்: பரிசோதனை செய்தால் பத்தே நிமிடத்தில் கதை முடிந்துவிடுமே. அதை எப்படி அடைத்தார்கள்? பனிக்குட நீரை ஊசி வைத்து எடுக்க வேண்டும், கருவுக்கு ஆபத்து வரலாம், அந்த ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் அவள் மறுத்துவிடுகிறாள். பயமும் தாய்ப்பாசமும் கலந்த மறுப்பு. அதுவும் குணத்திலிருந்து வருகிறது. பிறகு இருவரிடமும் 'நீங்கள்தான்' என்ற நினைப்பை வளரவிடுகிறாள். இது நிஜமான தவறு, இரண்டு நல்ல மனிதர்களை நோகடிக்கும் தவறு.

கவனியுங்கள், எங்கேயும் வெளியிலிருந்து சதி வரவில்லை. முடிச்சுகள் எல்லாம் அவள் கையாலேயே விழுந்தவை. ஒரு சதிகாரனையோ போதைக் கிண்ணத்தையோ கொண்டுவர வேண்டிய அவசியமே வரவில்லை.

ஜாக்கையும் கவனியுங்கள். இரண்டாவது நாயகனை முட்டாளாகவோ மோசக்காரனாகவோ எழுதுவது சுலபம். இவன் பணக்காரன், அன்பானவன், சமைப்பான், பிரசவ வகுப்புக்கு வருவான். ஒரே ஒரு இடத்தில், மார்க்கை விலகச் செய்ய ஒரு விஷயத்தைத் திரித்துச் சொல்கிறான். அந்தச் சின்னக் கறையே போதும். அவன் இழக்கும்போது நமக்கும் வலிக்கிறது.

---

மூன்றாம்வரிசை

எடை விஷயத்தை எடுத்தீங்களே, அதுல ஒரு வார்த்தை. 2001 படத்துல அவ எடை 136 பவுண்டுன்னு வரும். கிலோவில 62-க்கும் குறைவு. அதைப் போய்க் குறைன்னு படம் பிடிச்சிருக்காங்க! இன்னைக்குப் பாக்குற பொண்ணுங்களுக்கு அது சிரிப்பா இல்ல, கோபமாத்தான் வருது. நாவல்ல அது அவ தலைக்குள்ள ஓடுற வெறியா இருக்கும், படிக்கிறவங்களுக்கு 'இந்தப் பொண்ணு நல்லாத்தானே இருக்கா'ன்னு தோணும். படத்துல மத்தவங்களும் ஆமாம் போட்டதால அது உண்மைக் குறைங்கிற மாதிரி ஆயிடுச்சு.

இரண்டாம் பாகம் எழுதுறவங்க முதல்ல செய்ய வேண்டியது இதுதான். முதல் பாகத்துல 'குறை'ன்னு வெச்சதுல எது உண்மையிலேயே குறை, எது சுத்தி இருக்கிறவங்க ஒட்டின சீட்டுன்னு பிரிச்சுடணும். உடம்பு, வயசு, கல்யாணம் ஆகாதது, உச்சரிப்பு, இதெல்லாம் சீட்டு. தேதி பாக்காம விடுறது, பயந்து பொய் சொல்றது, கேக்காமலே சந்தேகப்படுறது, பேசக் கூடாத இடத்துல பேசுறது, இதெல்லாம் குறை. சீட்டைக் கிழிச்சுப் போடுங்க, குறையை மட்டும் அடுத்த படத்துக்கு எடுத்துட்டுப் போங்க. 2016-ல அதைச் செஞ்சதாலதான் அந்தப் படம் இன்னைக்கும் உறுத்தாம ஓடுது.

---

கேள்விக்குறி

எல்லாருக்கும் வணக்கம். தமிழில் ஒரு வெப் சீரிஸுக்கு இரண்டாம் சீசன் எழுதும் குழுவுக்காகக் கேட்கிறேன். நாயகி கோபக்காரி, யோசிக்காமல் முடிவெடுப்பவள். முதல் சீசன் கல்யாணத்தில் முடிந்தது. கணவன் மனைவியைப் பிரிக்காமல் எழுத முடியுமா? பிரித்தால் எப்படி? நம் ஊர் ரசிகர்கள் தாலி கட்டியதைப் பிரித்தால் ஏற்றுக்கொள்வார்களா என்ற பயம் இருக்கிறது.

---

கான்பூர்மெயில்

தம்பி, உங்கள் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த படம் ஒன்று இருக்கிறது. நம்ம மாதவன் நடித்ததுதான்: 'தனு வெட்ஸ் மனு ரிட்டர்ன்ஸ்', 2015, ஆனந்த் எல். ராய் இயக்கம், ஹிமான்ஷு ஷர்மா எழுத்து. முதல் பாகம் 2011. கான்பூர்ப் பெண் தனு, கங்கனா ரணாவத். முதல் படத்தில் பெண் பார்க்க வந்த லண்டன் டாக்டர் மனுவுக்கு மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டே தரிசனம் தந்தவள். முரட்டுத்தனம், சொன்ன சொல்லை மாற்றுவது, தன்னைச் சுற்றி நாலு பேர் சுழல வேண்டும் என்ற ஆசை, எல்லாம் உண்டு.

இரண்டாம் பாகம் முதல் படத்தின் கல்யாணக் கொண்டாட்டத்தோடு ஆரம்பிக்கிறது. அடுத்த காட்சி நாலு வருடம் கழித்து, லண்டனில் ஒரு மனநல மருத்துவமனை. டாக்டர்கள் முன்னால் இருவரும் மாறி மாறிக் குற்றம் சாட்டுகிறார்கள். உன்னோடு இருப்பது அலுப்பு என்கிறாள் இவள், உன்னோடு இருப்பது நரகம் என்கிறான் அவன். மனு கத்தித் தீர்க்க, அவனையே உள்ளே பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். தனு அவனை அங்கேயே விட்டுவிட்டு இந்தியாவுக்கு விமானம் ஏறிவிடுகிறாள். போகிற வழியில் அவன் நண்பன் பப்பிக்கு ஒரு போன்: வந்து மீட்டுக்கொள்.

தாலி பிரச்சினை பற்றிக் கேட்டீர்களே. பிரித்ததை ஊரே ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் நாலு வருடம் என்ன நடந்தது என்பதை இருவர் வாயாலும் முதல் சில நிமிடங்களிலேயே கேட்டுவிடுகிறோம். தப்பு ஒருத்தி தலையில் மட்டும் விழவில்லை. முதல் படத்தில் பொறுமைத் தெய்வமாக இருந்த மனுவும், ஊமைக்கோபத்தில் இருந்தே அவளை வாட்டியவன் என்று தெரிகிறது. நாயகி குறையுள்ளவளாகவும் நாயகன் குறையற்றவனாகவும் முதல் பாகம் விட்டிருந்தால், இரண்டாம் பாகத்தின் முதல் வேலை நாயகனுக்கும் ஒரு குறை கொடுப்பது. மார்க் டார்சிக்கு 2016-ல் கொடுத்தார்களே, எந்நேரமும் வேலை, எந்நேரமும் போன், அதே மாதிரி.

---

பக்கம்நூறு

கான்பூர்மெயில் அண்ணா, அந்தப் படத்தில் எனக்கு உறுத்துவது தத்தோ. தனுவின் முகத்தோடு ஹரியானாவிலிருந்து வந்த தடகள வீராங்கனை, இரட்டை வேடம். எழுத்து உத்தியாக அபாரம். போட்டிக்கு வருபவளுக்கு அதே முகத்தைக் கொடுத்ததால், மனு எதைப் பார்த்து மயங்குகிறான் என்ற கேள்வியில் அழகு அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது குணம் மட்டும். ஆனால் தத்தோ உழைப்பாளி, நேர்மையானவள், தன் பதக்கத்தில் தானே நிற்பவள். குறையற்றவளை இவ்வளவு நன்றாக எழுதிவிட்டுக் கடைசியில் குறையுள்ளவளிடம் மனுவைத் திருப்பிக் கொடுக்கும்போது, இழப்பு முழுக்கத் தத்தோ தலையில் விழுகிறது. மணமேடையில் சுற்று வரும்போது அவளே மனுவின் முகத்தைப் படித்து நிறுத்துகிறாள். ரசிகர் அழுவது அவளுக்காக. தனுவுக்காக யார் அழுதார்கள்?

---

கான்பூர்மெயில்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். காரணம் காட்சிக் கணக்கில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் தனு தன் தவறை உணர்கிறாள் என்பதற்கு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பார்வைகளும் ஒரு பாட்டும்தான். அவள் எதையும் செய்து சரி பண்ணவில்லை. தத்தோ முடிவெடுக்கிறாள், மனு தடுமாறுகிறான், தனு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாயகி கடைசி முப்பது நிமிடத்தில் வெறும் பார்வையாளர் ஆகிவிட்டாள். அந்த வருடத்துத் தேசிய விருது கங்கனாவுக்குக் கிடைத்தது. நியாயமான விருது, ஆனால் அந்த நடிப்பின் உயரம் தத்தோவில்தான் இருக்கிறது.

தம்பி எழுதும் சீசனில் புதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவருவதாக இருந்தால் இந்த இடத்தில் உஷாராக இருங்கள். சமரசக் காட்சியில் முதல் அடியை உங்கள் நாயகி எடுத்துவைக்க வேண்டும். அந்த அடி அவளுக்குப் பிடிக்காத ஒன்றாகவும் இருக்க வேண்டும்.

---

நிழல்நிலா

பிரிக்காமல் எழுத முடியுமா என்றும் கேட்டாரே. முடியும், ஆனால் ஆபத்து வேறு. 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' 2002-ல் அமெரிக்காவில் மட்டும் 24 கோடி டாலர். இரண்டாம் பாகம் 14 வருடம் கழித்து, 2016-ல், 6 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதில் நாயகி தூலாவையும் கணவன் இயனையும் பிரிக்கவே இல்லை. பதிலுக்கு அவளுடைய அப்பா அம்மா கல்யாணச் சான்றிதழில் பாதிரியார் கையெழுத்தே போடவில்லை, ஆகவே சட்டப்படி அவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒரு முடிச்சு. ரசமான முடிச்சுதான். ஆனால் அது தூலாவின் முடிச்சு இல்லை. முதல் படத்தில் தன்னைப் பார்த்தே வெட்கப்பட்டு, கண்ணாடியை மாற்றி, படிக்கப் போய், தன் வாழ்க்கையைத் தானே திருப்பியவள் அவள். இரண்டாவதில் வீட்டார் பிரச்சினைக்கு ஓடி ஓடி உதவுபவளாகிவிட்டாள். பெற்றோர் கதையை உபகதையாக வைக்கலாம், நாயகியின் குறை அதைக் கெடுக்கவோ தீர்க்கவோ செய்தால்.

நம் சினிமாவில் 'பாகம் 2' என்றால் சிங்கம், காஞ்சனா, அரண்மனை என்று நாயகனோ பேயோதான் திரும்பி வருவார்கள். குறையுள்ள ஒரு பெண் திரும்பி வருவதற்கு இன்னும் கதவு திறக்கவில்லை. வெப் சீரிஸில் நீங்கள் திறந்தால் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி.

---

எடிட்மேசை

கேள்விக்குறிக்கு நடைமுறைக் குறிப்பு.

ஒரு தாளில் நாலு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் நாயகியின் குறை, வினைச்சொல்லாக. 'கோபக்காரி' என்று எழுதாதீர்கள், 'கேட்டு முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டுப் போவாள்' என்று எழுதுங்கள். இரண்டாவதில் முதல் சீசனில் அதனால் நட்டப்பட்டவர் யார். மூன்றாவதில் இறுதிக் காட்சி அதில் எதைத் தீர்த்தது. நாலாவதில் தீராத மிச்சம். உங்கள் இரண்டாம் சீசன் முழுக்க அந்த நாலாவது பத்தியில் இருக்கிறது. அது காலியாக இருந்தால் எழுத வேண்டாம், புதுக் கதைக்குப் போங்கள்.

மூன்று குறைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்று கதையை ஓட்ட, ஒன்று சிரிக்க, ஒன்று கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் மறைக்க.

காலத் தாவலைத் துணிந்து போடுங்கள். 110 பக்கத் திரைக்கதையில் விரிசல் 25-ஆம் பக்கத்துக்குள் வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் என்ற கணக்கு. எட்டு எபிசோட் சீரிஸ் என்றால் முதல் எபிசோட் முடிவதற்குள். அதற்குமேல் தள்ளிப் போட்டால் அவர்கள் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துவதை நாம் பார்த்துக்கொண்டிருப்போம், அதில் நகைச்சுவை சீக்கிரம் வற்றிவிடும்.

விழுந்து வாரும் காட்சிகள் முழுப் படத்துக்கு மூன்று போதும். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அடுத்த காட்சி அப்படியே நிற்கிறது என்றால் அது அலங்காரம், வெட்டுங்கள்.

பழைய காட்சியின் எதிரொலி ஒன்றிரண்டு இருக்கட்டும். ரசிகர் அதற்காகக் காத்திருப்பார், நிழல்நிலா சொல்வது நியாயம். ஆனால் ஆட்களை இடம் மாற்றி வையுங்கள். போன முறை அவள் தடுமாற அவன் தாங்கினான் என்றால் இந்த முறை அவன் தடுமாற அவள் தாங்கட்டும்.

---

மூன்றாம்வரிசை

2025 படத்துக்கும் வாங்க. மைக்கேல் மாரிஸ் இயக்கம், மூல நாவல் 2013. மார்க் டார்சி செத்துட்டான்னு நாவல் வந்தப்ப வாசகர்கள் பொங்கினாங்க. படத்துல சூடான்ல மனிதாபிமானப் பணிக்குப் போன இடத்துல இறந்து நாலு வருஷம். அதை எப்படிச் சொல்றாங்கன்னு பாருங்க. விருந்துக்குக் கிளம்புறா. மார்க் கூட நடந்து வர்றான், ரெண்டு பேரும் பழைய ஜோடி மாதிரி பேசிக்கிட்டே போறாங்க. கதவு திறக்கும்போது அவ மட்டும் நிக்கிறா. வசனமே இல்லாம விஷயம் புரிஞ்சுடுது.

பிரிக்கிறதா வேணாமாங்கிற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். முதல் படத்தோட காதலைப் பொய்யாக்காமலே நாயகியை மறுபடி தனியா நிறுத்துறது. சந்தேகம் இல்ல, துரோகம் இல்ல. ஆனா விலை ரொம்பப் பெருசு. ரசிகர் நேசிச்ச ஆளைக் கொன்னுட்டு அடுத்த சீன்ல ஜோக் அடிக்க முடியாது. அதுக்கு அந்தப் படம் டேனியலைப் பயன்படுத்துது. மூணு படமா வில்லனா இருந்தவன் இப்போ பிள்ளைகளைப் பாத்துக்க வர்ற குடும்ப நண்பன். அவன் வாயிலதான் ஜோக் எல்லாம் வருது, அவளோட துக்கத்துக்கு இடம் கிடைச்சுடுது.

---

பக்கம்நூறு

அக்கா, டேனியல் 2016 படத்தில் இல்லை. ஹியூ கிராண்ட் நடிக்க மறுத்ததால் விமான விபத்தில் இறந்ததாகக் காட்டி, கடைசியில் பத்திரிகைச் செய்தியில் உயிரோடு கிடைத்தான் என்று வைத்தார்கள். ஆக இரண்டு படம் வில்லன் என்று வையுங்கள்.

நீங்கள் சொன்ன சிரிப்பு இடமாற்றம் சரியான கவனிப்பு. அவளுடைய இளம் காதலன் ராக்ஸ்டருக்கு 29 வயது. லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் பூங்காவில் பிள்ளைகளோடு மரத்தில் மாட்டிக்கொண்டவளை இறக்கிவிட்டு உள்ளே வருகிறான். அந்த மரம் பழைய தடுமாற்ற நகைச்சுவைதான், ஆனால் பிள்ளைகளும் கூட மாட்டிக்கொண்டிருப்பதால் அவள் அம்மாவாகவும் தோற்கிறாள். மகனின் ஆசிரியர் வாலிக்கர் அதே இடத்தில் வந்து நின்று பார்க்கிறார். ஒரே மரத்தடியில் இரண்டு ஆண்களும் அறிமுகம், அவளுடைய குறையும் காட்டியாயிற்று. ராக்ஸ்டர் ஒருநாள் பதில் சொல்லாமலே மறைந்துவிடுகிறான், பிறகு திரும்பி வந்து மறுபடி சேரலாமா என்று கேட்கிறான். அவள் மறுக்கிறாள். 32 வயது பிரிட்ஜெட் மறுத்திருக்க மாட்டாள். திருந்தாமலும் திரும்பச் செய்யாமலும் ஒரு நாயகி வளர்வது இந்த மறுப்பில்தான் தெரிகிறது.

---

கேள்விக்குறி

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லாருக்கும் நன்றி. நாலு பத்தித் தாளைப் போட்டுப் பார்த்தோம். நாலாவது பத்தியில் வந்தது: 'கல்யாணத்தன்று மாமியாரிடம் சொன்ன பொய்யை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.' இதை எந்த எபிசோடில் உடைப்பது?

---

எடிட்மேசை

எட்டில் நாலாவது, கடைசிக் காட்சி. மாமியார் தானே கண்டுபிடிக்கக் கூடாது, நாயகிதான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு சண்டையில், கேட்டு முடிப்பதற்குள் கதவைச் சாத்தப் போகும் அந்தப் பழக்கத்தின் உச்சத்தில், வாய் தவறி. ஐந்தாவது எபிசோட் முழுக்க நகைச்சுவையைக் கணவன் தலையில் வையுங்கள். பொய் தெரிந்த அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவன் மாட்டட்டும். ஆறாவதில்தான் அவளுக்கு ஜோக் திரும்பி வர வேண்டும்.

---

கான்பூர்மெயில்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொய் எதற்காகச் சொல்லப்பட்டது என்பதை முதல் எபிசோடிலேயே ரசிகருக்குத் தெரிய வையுங்கள், மாமியாருக்கு மட்டும் தெரியாமல் இருக்கட்டும். கடைசியில் தெரிந்தால் அது மர்மம், முதலிலேயே தெரிந்தால் ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக் காட்சியும் நகைச்சுவை. மாமியார் பாசமாக இன்னொரு கரண்டி பரிமாறும்போதெல்லாம் உங்கள் நாயகி நெளிவாள், அதற்குத் தனியாக வசனம் எழுதத் தேவையிருக்காது.